எதை முதலில் விற்பது?

கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கொழும்புப் பங்குச் சந்தையில் ஒன்பது கம்பனிகளில் சுமார் 60 இலட்சம் ரூபாய் போட்டிருக்கிறேன். எல்லாம் மலிவாக இருந்தபோது கணக்குப் பார்த்து வாங்கியவை. சந்தை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாததால் 15 இலட்சத்தைக் காசாக்க நினைக்கிறேன். அதில் 9 இலட்சம் ஜனவரியில் மகளின் படிப்புக்கு வேண்டும். எல்லாவற்றிலும் கால்வாசி விற்பதா, இலாபத்தில் உள்ளதை மட்டும் விற்பதா?"

இரண்டும் வேண்டாம்.

முதலில் அந்த 9 இலட்சத்தை எடுங்கள். விலை ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2020 மார்ச்சில் மூடிய சந்தை மே 11 அன்றுதான் திறந்தது. திறந்த அன்றும் விலை சரிந்து வியாபாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியதும் இன்னொரு வாரம் பூட்டு. அந்த நாட்களில் கட்டணம் கட்ட வேண்டியிருந்த பெற்றோரை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். இங்கே பட்டியலிட்ட பங்குகளை விற்று வரும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. அதனால் இலாபத்தில் விற்றாலும் நட்டத்தில் விற்றாலும் வரியில் வித்தியாசம் இல்லை. செலவு 1.12 சதவீதக் கட்டணம்தான். தரகர் கூலி, பங்குக் கொடுக்கல் வாங்கல் தீர்வை எல்லாம் அதற்குள் அடக்கம். 15 இலட்சம் கையில் வர 15 இலட்சத்து 17 ஆயிரத்துக்கு விற்க வேண்டும். விற்றதைத் திரும்ப வாங்கினால் அதே கட்டணம் மறுபடியும் போகும்.

சரி, எதை விற்பது? ஒவ்வொரு கம்பனியின் கடைசிக் காலாண்டு அறிக்கையையும் எடுத்து, பங்கு விலையைப் பங்கொன்றின் தேறிய சொத்துப் பெறுமதியோடும் (கடன் போக மிஞ்சும் சொத்தில் ஒரு பங்குக்கு உரியது) பங்கொன்றின் உழைப்போடும் (கம்பனியின் இலாபத்தில் ஒரு பங்குக்கு உரியது) வைத்துப் பாருங்கள். மலிவு என்று வாங்கியது இப்போது மலிவாக இல்லையென்றால் அதைக் குறைக்கலாம். இன்னும் மலிவாக இருந்து, தொழிலும் ஒழுங்காக நடந்தால், உங்கள் கணக்கில் நட்டமாகச் சிவப்பில் தெரிந்தாலும் தொடாதீர்கள்.

இதில் பலர் தவறுவது ஓர் இடத்தில். அவசரத்தில் வங்கிப் பங்கு, பெரிய கம்பனிப் பங்கு என்று உடனே விலைபோவதை விற்றுவிடுவார்கள். ஒரு நாளில் சில நூறு பங்குகளே கைமாறும் சின்னக் கம்பனிகள் மிஞ்சிவிடும். பிறகு சந்தை விழும்போது அவற்றுக்கு வாங்க ஆளே இருக்காது. ஆகவே இலேசில் விற்க முடியாததைச் சந்தை அமைதியாக இருக்கும்போதே குறையுங்கள். உங்கள் விலையைக் குறித்து, சிறு சிறு ஓடர்களாக, இரண்டு மூன்று வாரம் எடுத்து விற்றால் போதும். ஒரே நாளில் கொட்டினால் உங்கள் ஓடரே விலையை இறக்கிவிடும்.

வங்கிப் பங்கு வைத்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி போன்றவற்றில் வாக்குரிமை உள்ளது, அற்றது என்று இரு வகைப் பங்குகள் இருக்கின்றன. பங்கிலாபம் இரண்டுக்கும் ஒன்றுதான். வாக்குரிமை அற்றது பெரும்பாலும் விலை குறைவு. உதாரணத்துக்கு ஒன்று 200 ரூபாய், மற்றது 160 என்று வைப்போம். வாக்குரிமை உள்ள 5,000 பங்கை விற்று, அற்றதில் 5,000 வாங்கினால், இரு பக்கக் கட்டணம் சுமார் 20 ஆயிரம் போக 1 இலட்சத்து 80 ஆயிரம் கையில் நிற்கும், பங்கிலாபமும் குறையாது. சிறு முதலீட்டாளருக்கு வாக்கைவிட அந்தக் காசு பெரிது என்றே நான் சொல்வேன். இடைவெளி ஐந்து ரூபாய்தான் என்றால் இந்த வேலை வேண்டாம்.

வந்த காசில் 9 இலட்சத்தை ஜனவரிக்கு முன் முதிரும் திறைசேரி உண்டியலிலோ (அரசுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடன்) நிலையான வைப்பிலோ போடுங்கள். மிச்சம் 6 இலட்சத்துக்கு 91 நாள் உண்டியல் பொருந்தும். வைப்பு என்றால், வங்கி முறிந்தால் காசைத் திரும்பத் தரும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரைதான். அதே வங்கியில் ஏற்கெனவே உங்கள் பெயரில் இருப்பதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.