பெயர்ந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளுக்குத் திருச்சி பெயின்டிங் கான்ட்ராக்டர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீடு 2009-இல் கட்டியது. கார் ஷெட் 11-க்கு 18 அடி. சிமென்ட் தரைக்கு அப்போதே சாம்பல் நிற எனாமல் அடித்தோம். பிறகு அதன் மேலேயே இரண்டு தடவை அடித்தாயிற்று. இப்போது செதில் செதிலாகப் பெயர்ந்து, காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. தவழ்கிற பேரன் அதை எடுத்து வாயில் வைக்கிறான். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் எல்லாம் போய்விடும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? அப்புறம் எபாக்ஸி (இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கிற கெட்டியான தரைப் பூச்சு) அடிக்கலாம் என்று ஆசை.
— வாசகி, தாம்பரம்

பதில்: அந்த ஆசிட் கடையிலேயே இருக்கட்டும் அம்மா. ஆசிட் சிமென்ட்டைத்தான் தின்னும், பெயின்டை ஒன்றும் செய்யாது. பெயின்ட் ஒட்டியிருக்கும் இடம் அப்படியே இருக்கும். உரிந்த இடம் மட்டும் பொங்கி அரித்துக் குழியாகும். அந்தப் புகை ஷட்டர், சைக்கிள், காரின் அடிப்பாகம் எல்லாவற்றிலும் துருவை ஏற்றிவிடும். பெயின்டே இல்லாத வழுவழுப்பான தரையைச் சொரசொரப்பாக்க ஆசிட்டைப் பயன்படுத்துவது உண்டு. உங்கள் வேலை அது இல்லை.

தரையை விட அவசரம் பேரன். வீட்டுக்கு அடிக்கிற பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி போட்டது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் முதல் கோட் அதற்கு முந்தையது. அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஷெட்டுக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். துடைப்பம் போட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகள் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னால் ரத்தத்தில் ஈயம் பார்க்க எழுதித் தருவார். வேலை நடக்கிற நாட்களில் பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

சரி, தரைக்கு வருவோம். எடுப்பதற்கு முன்னால், ஏன் பெயர்கிறது என்று தெரியவேண்டும். பெரிய செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சாம்பல் நிறத்தில் சிமென்ட் பொடி அப்பியிருந்தால் குற்றம் பெயின்டுடையது இல்லை. கொத்தனார் தரை பளபளக்க வேண்டுமென்று தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்திருப்பார். மேலே சிமென்ட் பால் ஏறி உலர்ந்து, பலமில்லாத ஒரு ஏடாக நின்றிருக்கும். பெயின்ட் அந்த ஏட்டைப் பிடித்தது, ஏடு தரையைப் பிடிக்கவில்லை. பின்பக்கம் பிசுபிசுவென்று இருந்தால், ஈரமும் சிமென்ட்டின் காரமும் சேர்ந்து எனாமலில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிட்டன என்று பொருள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அதுவும் சுவரோரம் அதிகமாக இருந்தால், கீழிருந்து ஈரம் ஏறுகிறது. உங்கள் பக்கம் ஏரிகள் நிறைய. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஈரச் சந்தேகத்தைத் தீர்க்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. பெயின்ட் சுத்தமாகப் போன இடத்தில் ஒன்றரை அடிச் சதுரமாகக் கெட்டியான பாலித்தீன் ஷீட்டை விரித்து, நாலு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுப் பிரியுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. ஒரே இடத்தில் பார்த்து முடிவு கட்டவேண்டாம். சுவரோரம், நடு, வாசல் பக்கம் என்று பாருங்கள்.

இனி எடுக்கும் வேலை. முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு, நீளக் கைப்பிடி போட்ட இரும்பு ஸ்கிராப்பரால் தள்ளுங்கள். தானாக வருவதெல்லாம் இதிலேயே வந்துவிடும். மூலை முடுக்குக்குப் பட்டி பிளேடு போதும். உலர்ந்த தரையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஈயத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். ஆயில் சொட்டிய கறைகளை இப்போதே சலவைச் சோடாவும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மெஷின் அந்த ஆயிலைத் தரை முழுக்க இழுத்துப் பூசிவிடும்.

மிச்சம் பிடிவாதமாக ஒட்டியிருப்பதற்கு மொசைக் பாலிஷ் போடுகிறவர்களைக் கூப்பிடுங்கள். அவர்களுடைய மெஷின் தண்ணீர் விட்டு ஓடுவது, தூசி பறக்காது. சிமென்ட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்கு எமன் என்பதால், தண்ணீர் விடாமல் ஓட்டுகிற ஆளை நான் உள்ளேயே விடமாட்டேன். சாதாரணக் கல் போட்டால் பழைய எனாமல் பிசின் மாதிரி அப்பிக்கொண்டு கல் வெறுமனே வழுக்கும். டைமண்ட் செக்மென்ட், அதாவது வைரத்தூள் பதித்த அறுப்புத் துண்டு போட்டு வரச் சொல்லுங்கள். பெயின்டோடு அந்தச் சிமென்ட் ஏடும் போய், மணல் தெரியும் அளவுக்கு அறுக்கவேண்டும். ஈரத்தில் கரண்ட் மெஷின் ஓடுவதால் எர்த்தும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற சுவிட்ச்) சரியாக இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

கூலி பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரிய மெஷின் சுவரோரம் போகாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, சுற்றிலும் அரையடிப் பெயின்டை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஓரத்துக்குக் கை கிரைண்டரில் கப் வீல் (கிண்ணம் போன்ற அறுக்கும் சக்கரம்) போட்டு எடுப்பதும் சேர்த்துத்தான் கூலி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதை ஓட்டுகிறவர் என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் போடவேண்டும், பக்கத்தில் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அறுத்த சேற்றைச் சாக்கடையில் தள்ளாதீர்கள், தென்னைக்கும் ஊற்றாதீர்கள். வழித்து ஒரு டிரம்மில் விட்டு, படிந்து காய்ந்ததும் கெட்டிச் சாக்கில் கட்டி, பெயின்ட் கழிவு என்று சொல்லிக் கழிவு எடுக்கிறவர்களிடம் தனியாகக் கொடுங்கள்.

தரையைக் கழுவிக் காயவிட்டு, அங்கங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் உறிஞ்சினால் சுத்தம். முத்தாக நின்றால் அங்கே பெயின்டோ ஆயிலோ பாக்கி.

எபாக்ஸியா? ஷீட்டில் ஈரம் தெரிந்திருந்தால் வேண்டவே வேண்டாம். எத்தனை உயர்ந்த பிராண்டானாலும் கீழிருந்து வரும் ஈரம் அதைத் தூக்கிவிடும். பார்க்கிங் டைல்ஸ் போடுங்கள். இடுக்கு வழியாக ஈரம் வெளியேறும். தரை வெறுமனே இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கார் நிற்பதற்குப் பெயின்ட் எதற்கு? ஈரம் இல்லையென்றால் தாராளமாக எபாக்ஸி அடியுங்கள். ஆனால் மெஷின் விட்ட தண்ணீர் முழுக்கக் காய்ந்தபின், ஷீட் சோதனையை இன்னொரு முறை பார்த்துவிட்டு. மாசி, பங்குனி இதற்குத் தோதான மாதங்கள். ஷெட்டின் வாசல் பக்கம் வெயில் விழுந்தால் எபாக்ஸி மஞ்சளடித்து மாவாகும். மேலே பாலியூரித்தேன் கோட் ஒன்று கேளுங்கள்.

கேள்வி: எபாக்ஸி அடித்து இரண்டே வருஷம். டயர் நிற்கும் நாலு இடத்தில் மட்டும் பெயர்ந்துவிட்டது. முழுவதையும் எடுக்கவேண்டுமா?
— வாசகர், கோவை

பதில்: ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். அது பெயின்டை இளக்கி, ஆறும்போது பிடித்துக்கொள்ளும். மறுநாள் வண்டியை எடுத்தால் பெயின்டும் கூடவே வரும். தரையைச் சரியாகச் சொரசொரப்பாக்காமல் அடித்திருந்தால் இது சீக்கிரமே நடக்கும். நன்றாக இருப்பதுபோல் தெரியும் இடங்களில் கட்டர் பிளேடால் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வராவிட்டால் அந்தப் பகுதி இருக்கட்டும். பெயர்ந்த இடத்தைச் சிமென்ட் வரை அறுத்து, மற்றதைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் மினுமினுப்புப் போகத் தேய்த்து, மேலே கோட் கொடுக்கலாம். வந்துவிட்டால் முழுவதும் எடுக்கவேண்டியதுதான்.

கேள்வி: தரைப் பெயின்டைப் புளோ லாம்ப்பால் (தீ பீய்ச்சும் விளக்கு) சுட்டு எடுக்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி மேல்தரை சில்லுச் சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. பழைய பெயின்டில் ஈயம் இருந்தால் புகையாக உள்ளே போகும். பக்கத்தில் பெட்ரோல் வண்டி வேறு நிற்கும். பெயின்ட் ரிமூவரும் மூடிய ஷெட்டில் ஆகாது. மெத்திலின் குளோரைடு கலந்ததென்றால் அதன் ஆவி காற்றை விடக் கனம், குனிந்து வேலை செய்கிறவர் மூக்கருகிலேயே தங்கும். அமெரிக்காவில் 2019-இலேயே பொதுமக்களுக்கு அந்த வகை ரிமூவரை விற்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். காரைக்குடியிலும் மொசைக் மெஷின்காரர்கள் இருப்பார்கள், விசாரியுங்கள்.