இருபதாம் தேதிக்கு மேல் என்ன சமைப்பது? தண்டையார்பேட்டையிலிருந்து கேள்வி பதில்

வணக்கம். வீட்டில் மாமியார், வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், நான் என்று ஆறு வாய். நடுவில் ஐந்து வருஷம் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். கணக்குப் பார்த்துச் சமைக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். நீங்கள் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்குத் தக்காளி என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள், காலையில் ஒரு விலை சாயங்காலம் ஒரு விலை.

கொருக்குப்பேட்டை. கல்யாணமாகி எட்டு மாதம், ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ஒன்றாம் தேதியே மொத்தமாக மளிகை வாங்கிவிடுகிறோம், அப்படியும் இருபதாம் தேதிக்கு மேல் கை காலி. எங்கே தப்பு அக்கா?

ஒன்றாம் தேதி லிஸ்டில் தப்பு இருக்காதும்மா, தெருமுனைக் கடையில்தான் இருக்கும். ஒரு மாதம், மொத்தமாக வாங்கியதை விட்டுவிட்டு, நடுவில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் வாங்கியதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் முதல்முறை எழுதியபோது அந்த மாதத்தில் பதினொரு மாவு பாக்கெட் வாங்கியிருந்தேன், வீட்டில் கிரைண்டரை வைத்துக்கொண்டு! பத்து ரூபாய் மசாலா பாக்கெட், ஐந்து ரூபாய் காப்பித்தூள் சரம், இதெல்லாம் தனித்தனியாக ஒன்றும் தெரியாது, கூட்டிப் பார்த்தால் வயிறு எரியும்.

அப்புறம் ப்ரிட்ஜின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். அழுகின கொத்தமல்லி, பாதி முட்டைக்கோஸ், சுருங்கின கத்தரிக்காய் இல்லாத வீடு கிடையாது. ரெண்டு பேருக்கு வாரத்துக்கு மூன்று காய் போதும். ஒன்று தீர்ந்த பிறகு அடுத்தது வாங்குங்கள். கூறு கட்டி மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிப் பாதியைக் கொட்டினால் அது மலிவு இல்லை.

இன்னொன்று, எண்ணெய் பாக்கெட். ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் இருக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற பாக்கெட்டில் சிலது 850, 800 என்று வருகிறது. பெரிய எழுத்தில் இருக்கிற விலையைப் பார்க்காமல், பக்கத்தில் சின்னதாக ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாவது பாருங்கள்.

வியாசர்பாடி. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள், தண்ணீரில் போட்டால் சிலது மிதக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அது இல்லாமல் ஒரு வாடையும் வருகிறது. வாங்கலாமா, விட்டுவிடலாமா?

2011 ஜூனிலிருந்து காசே வாங்காமல் கொடுக்கிற அரிசியை விடலாமா என்று கேட்கிறீர்களே! அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் கலந்து, திரும்பவும் அரிசி மாதிரியே அச்சில் வார்த்து எடுத்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. செறிவூட்டப்பட்ட அரிசி என்று அதற்குப் பெயர். நிறம் கொஞ்சம் மாறித் தெரியும், சிலது மிதக்கும். எங்கள் மாமியார் ஒரு மாதம் முழுக்க அதை மட்டும் உட்கார்ந்து பொறுக்கி எறிந்தார். சத்தை எல்லாம் கோழி தின்றது.

வாடை வருவது மூட்டையிலேயே கிடப்பதால். வாங்கி வந்ததும் மொட்டைமாடியில் ஒரு வேளை வெயில் காட்டுங்கள். சமைக்கும் முன் நாலு தண்ணீர் கழுவி, கொஞ்சம் உப்புப் போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்துச் சமைத்தால் முக்கால்வாசி வாடை போய்விடும். அப்படியும் பிள்ளைகள் சாதமாகச் சாப்பிடமாட்டேன் என்றால், புழுங்கல் அரிசியை இட்லிக்குத் திருப்பிவிடுங்கள். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தை மட்டும் நல்லதாக வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் செய்தால் இட்லி கல்லாகிவிடும். கடையில் இட்லி அரிசி வாங்கி எனக்கு வருஷக்கணக்காகிறது.

அரிசி கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். பாதிப் பேர் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு, பருப்பு வரவில்லை என்றதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். மறுபடி போய்க் கேளுங்கள். வெளிக்கடையில் ஒரு கிலோ பருப்பு என்ன விலை என்று தெரிந்தால் ரெண்டு நடை நடக்கக் கால் வலிக்காது.

பெரம்பூர். ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போனால் மீன் மலிவு என்று போனோம், எங்கள் தெருவில் விற்கிற விலைதான் இருந்தது. ஏமாந்துவிட்டோமா?

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போனீர்களா? ஊரே அங்கேதான் நிற்கும், விலை எங்கே குறையும். வார நாளில், விடியும் முன் போங்கள். கூடையாக ஏலம் விடும்போது நாலு வீடு சேர்ந்து ஒரு கூடை எடுத்துப் பிரித்துக்கொண்டால்தான் நிஜமான மலிவு. ஒரு கிலோ ரெண்டு கிலோ சில்லறையாக வாங்குவதற்குப் பஸ் ஏறி வர வேண்டாம்.

என்ன மீன் வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. வஞ்சிரமாகத்தான் இருக்கும், நம் ஆட்களுக்கு மீன் என்றால் வஞ்சிரம், வௌவால். மாதக் கடைசிக்கு அது இல்லை. கவலை, நெத்திலி, காரப்பொடி, கானாங்கத்தை, இதுதான் கடற்கரை ஜனங்கள் வீட்டிலேயே சாப்பிடுவது, ருசியும் இதில்தான். முள் அதிகம் என்பீர்கள். நெத்திலியில் என்ன முள்? தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும், வெட்டுக் கூலியும் மிச்சம். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழுந்திருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

குழம்பு வைக்கும்போது புளி, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம், பூண்டு, சீசனில் ஒரு மாங்காய். தேங்காய் வேண்டாம். தேங்காய் இல்லாத குழம்பு மறுநாளும் தாங்கும், மறுநாள்தான் நன்றாகவும் இருக்கும். அதனால் ஒரு வேலையில் ரெண்டு நாள் சாப்பாடு.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது, பெரிய மீன் விலை ஏறிவிடும். ஃபைபர் படகில் வருகிற சின்ன மீன் கொஞ்சம் கிடைக்கும். நான் அந்த ரெண்டு மாதத்துக்கு மார்ச்சிலேயே கருவாடு வாங்கி வைத்துவிடுவேன். ஃப்ரீசரில் மீன் அடைத்து வைக்கிற பழக்கம் எனக்கு 2023 டிசம்பரோடு போய்விட்டது. மிக்ஜாம் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை, நாலு கிலோ மீனை மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பையில் போட்டேன். கருவாட்டுக்குக் கரண்ட் வேண்டாம்.

எண்ணூரில் ஷிப்ட் வேலை, தனியாக ரூம் எடுத்திருக்கிறேன். ஒரு அடுப்பு, ஒரு சின்ன குக்கர். சமைக்கத் தெரியாது.

தம்பி, ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, நறுக்கின தக்காளி, வெங்காயம், ஒரு கை எந்தக் கீரையாவது, மஞ்சள்தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர், நாலு விசில். மேலே ரெண்டு காய்ந்த மிளகாயும் சீரகமும் தாளித்துக் கொட்டுங்கள். கூட ஒரு முட்டை. முட்டையைக் கழுவி அந்தக் குக்கரிலேயே கிண்ணத்தில் வைத்தால் அதுவும் வெந்துவிடும். இதில் பருப்பை மாற்றி, கீரையை மாற்றி ஒரு வாரம் ஓட்டலாம்.

சமைக்க முடியாத நாளில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-ல் தொடங்கியபோது வைத்த விலைதான், இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். அங்கே நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தெருவில் நூறு ரூபாய்க்கு ஃப்ரைட் ரைஸ் சாப்பிடாதீர்கள்.

திருவொற்றியூர். சௌகார்பேட்டையில் மொத்தமாக வாங்கினால் லாபம் என்கிறார்கள். நிஜமா?

நிஜம்தான், கூட்டாளி இருந்தால். காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கொத்தவால்சாவடியை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, ஆனால் மளிகை மொத்தக் கடைகள் அந்தப் பக்கமும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் இன்னும் இருக்கின்றன. மிளகாய், தனியா, மிளகு, சீரகம், புளி, இதற்கெல்லாம் அங்கே போவது நியாயம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்கள் நமக்கு டிக்கெட் காசு கிடையாது, அதில் போய் வாருங்கள், ஆட்டோவில் திரும்பினால் லாபம் ஆட்டோவோடு போய்விடும்.

பருப்பை மட்டும் அளவோடு வாங்குங்கள். ஒரு தடவை விலை இறங்கியிருக்கிறது என்று ஐப்பசியில் பத்து கிலோ துவரம் பருப்பைத் தூக்கி வந்தேன். மழைக்கு டப்பாவுக்குள் ஈரம் இறங்கி, தை பிறப்பதற்குள் வண்டு. வெயில் இருக்கும் சித்திரை, வைகாசியில் வாங்கிக் காயவைத்து, ஒரு கை காய்ந்த மிளகாய் போட்டு மூடினால் தாங்கும். மழைக்காலத்தில் மாதத்துக்கு மாதம் வாங்குவதே நல்லது.

குழம்பு மிளகாய்த்தூள் மில்லில் அரைக்க அளவு சொல்லுங்கள். (இதை மட்டும் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்)

எங்கள் வீட்டு அளவு: தனியா ஒரு கிலோ, மிளகாய் அரை கிலோ, துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, மிளகு, சீரகம் நாலும் நூறு நூறு கிராம், விரலி மஞ்சள் ஐம்பது, வெந்தயம் இருபத்தைந்து. மிளகாய் பாதி குண்டு, பாதி நீளம் போட்டால் நிறமும் வரும் காரமும் வரும். எல்லாவற்றையும் ஒரு நாள் முழு வெயிலில் காயவையுங்கள். பருப்பு, வெந்தயத்தை மட்டும் லேசாக வறுத்துச் சேருங்கள். மில்லில் உங்களுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள், கேழ்வரகுக்குப் பின்னால் நின்றால் ஒரு கைத் தூள் வீணாகிவிடும். அரைத்ததும் பேப்பரில் கொட்டி ஆறவிட்டு அப்புறம் டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் கட்டி கட்டும். சாம்பார், காரக்குழம்பு, மீன் குழம்பு, பொரியல் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே தூள்தான். தனித்தனி மசாலா பாக்கெட் வாங்குவது அன்றோடு நின்றுவிடும்.

ராயபுரம். தக்காளி விலை ஏறினால் என்ன செய்வீர்கள்?

வாங்க மாட்டேன். மிளகு ரசம், மோர்க்குழம்பு, புளிக்குழம்பு, கீரைக் கடையல் எதற்கும் தக்காளி வேண்டாம்.

புளியந்தோப்பு. என் வீட்டுக்காரர் கவிச்சி இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். தினமும் கறி, மீன் என்று கட்டுப்படி ஆகவில்லை அக்கா.

உங்கள் வீட்டிலும் அப்படியா! கவிச்சி வாசனை வேண்டும், அவ்வளவுதானே. ஐம்பது கிராம் நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் அலசி, கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்தால் ஐந்து பேர் சாப்பிடலாம். இன்னொரு நாள் முட்டையை உடைத்து ஊற்றின குழம்பு. இன்னொரு நாள் அரைக்கிலோ கறி எடுக்கிற இடத்தில் கால் கிலோ எடுத்து, உருளைக்கிழங்கு சேருங்கள். கேட்டால் கசாப்புக் கடையில் கூட்டம் என்று சொல்லிவிடுங்கள். மீல்மேக்கரைக் கறி என்று மட்டும் ஏமாற்றப் பார்க்காதீர்கள், நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன், ரெண்டு நாள் பேச்சில்லை.

தண்டையார்பேட்டை. நானும் உங்கள் பக்கம்தான். இன்றைக்கு உங்கள் வீட்டில் ராத்திரிக்கு என்ன?

தேதி இருபத்தாறு, வேறென்ன இருக்கும். மத்தியானச் சோற்றில் மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றிவைத்தாயிற்று, அது காலைக்கு. ராத்திரிக்கு ரேஷன் அரிசி தோசையும் பூண்டுச் சட்னியும். மாவு பொங்கி வழிகிறது என்று மாமியார் கூப்பிடுகிறார், மற்ற கேள்விகளை நாளைக்குப் பார்க்கிறேன்.