எட்டு வாரச் சம்பளம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸின் மரண தண்டனை பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் போகிற போக்கில், 'ராஜாவின் தலையை வெட்டியது நாடாளுமன்றம் அல்ல, ராணுவம்' என்று ஒரு வரி வருகிறது. நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் சண்டை, நாடாளுமன்றம் ஜெயித்தது, ராஜாவைக் கொன்றது, அப்புறம் குரோம்வெல் சர்வாதிகாரி ஆனார் என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாடாளுமன்றமே திரட்டிய படை நாடாளுமன்றத்தின் மேலேயே ஏன் பாய்ந்தது? எல்லாம் குரோம்வெல் போட்ட திட்டம்தானா? இன்னொரு பக்கம், சாதாரண ஜனங்களுக்கு ஓட்டு கேட்டவர்களே அந்தப் படைவீரர்கள்தான் என்றும் படிக்கிறேன். அவர்களை எந்தப் பக்கத்தில் வைப்பது?

மகன் லண்டனில் இருக்கிறான், இந்தக் கோடையில் போகிறேன். இந்தக் கதையோடு தொடர்புள்ள இடம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

அந்த ஒரு வரிக்கு முதலில் கணக்குக் கொடுத்துவிடுகிறேன்.

1648 டிசம்பர் 5. ராத்திரி முழுக்க விவாதம் நடத்திவிட்டு, ராஜா சொன்ன பதில்களை வைத்து சமரசத்துக்கு மேலே போகலாம் என்று மக்களவை முடிவெடுத்தது. ஆதரவு 129, எதிர்ப்பு 83. அதாவது நாடாளுமன்றம் ராஜாவோடு ராசியாகப் போகத் தயாராக இருந்தது. மறுநாள் காலை சபைக்கு வந்த உறுப்பினர்களை வாசலில் எதிர்கொண்டவர் கர்னல் தாமஸ் பிரைட். கையில் ஒரு பட்டியல், பின்னால் சிப்பாய்கள். அவருக்கு எல்லோரையும் முகம் தெரியாது என்பதால், பக்கத்தில் நின்ற குரோபி பிரபு கிரே ஆளைக் காட்டிக்கொடுத்தார். அவரும் ஓர் உறுப்பினர்தான்! 45 பேர் கைதானார்கள், 180க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே விடப்படவில்லை. கைதானவர்களை அன்று ராத்திரி அடைத்து வைத்தது பக்கத்தில் 'நரகம்' என்றே பெயர் வைத்திருந்த ஒரு மதுக்கடையில். எந்த அதிகாரத்தில் எங்களைப் பிடித்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, படையோடு இருந்த போதகர் ஹ்யூ பீட்டர் சொன்ன பதில்: வாளின் அதிகாரத்தில்.

மிச்சமிருந்தவர்கள் அமைத்த நீதிமன்றம்தான் ராஜாவை விசாரித்தது. பிரபுக்கள் சபை ஒப்புதல் தர மறுத்தபோது, அந்த ஒப்புதலே தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். தண்டனை உத்தரவில் 59 பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் பிரைடும் ஒருவர். நாடாளுமன்றம் கொன்றது என்று வகுப்பில் சொன்னால் தப்பில்லை, ஆனால் எந்த நாடாளுமன்றம் என்று ஒரு பையன் எழுந்து கேட்டிருந்தால் அவனுக்கு முழு மார்க் போட்டிருக்க வேண்டும்.

சரி, ஏன் பாய்ந்தது? பாடப்புத்தகங்கள் மதத்தைச் சொல்லும். நாடு முழுவதற்கும் ஒரே கட்டுப்பாட்டில் ஒரே திருச்சபை வேண்டும் என்ற பிரஸ்பிட்டேரியன் கட்சி நாடாளுமன்றத்தில் பலமாக இருந்தது. அவரவர் சபையை அவரவர் நடத்திக்கொள்ளட்டும் என்றவர்கள் படையில் அதிகம். இது உண்மைதான், ஆனால் அந்தப் பிளவு போர் நடந்தபோதும் இருந்தது. அப்போது யாரும் யாரையும் சிறைபிடிக்கவில்லை. நான் பார்த்தவரை 1647 வசந்தத்தில் விஷயத்தை முறித்தது சம்பள பாக்கியும், ஒரு மனுவுக்குக் கிடைத்த வசவும்தான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1644இல் நாடாளுமன்றப் படைத் தலைவர்களே ராஜாவை முழுசாகத் தோற்கடிக்கத் தயங்கினார்கள். ராஜாவைத் தொண்ணூற்றொன்பது முறை ஜெயித்தாலும் அவர் ராஜாதான், அவர் நம்மை ஒரு முறை ஜெயித்தால் நமக்கெல்லாம் தூக்குதான் என்றார் மான்செஸ்டர் பிரபு. அப்படியானால் ஆயுதத்தை ஏன் எடுத்தோம் என்று திருப்பிக் கேட்டார் அவருடைய குதிரைப்படைத் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான குரோம்வெல். இந்தத் தயக்கத்துக்கு மருந்தாகத்தான் 1645இல் 'நியூ மாடல் ஆர்மி' வந்தது: தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் தலைமையில் 22,000 பேர், ஒரே கட்டுப்பாடு, மத்தியில் இருந்து சம்பளம். கூடவே, உறுப்பினர்கள் படைப் பதவிகளை விட்டு விலக வேண்டும் என்று ஒரு சட்டம். குரோம்வெல்லுக்கு விலக்குக் கொடுத்துக் கொடுத்து நீட்டினார்கள். புதுப்படை ஜூனில் நேஸ்பியில் ராஜாவின் முக்கியப் படையை நொறுக்கியது. அடுத்த வருடம் போர் முடிந்தது.

ஆறு கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி என்பார்களே, அதுதான் நடந்தது. டென்சில் ஹோலிஸ் தலைமையில் பெரும்பான்மையாக இருந்த பிரஸ்பிட்டேரியன் கட்சி 1647 தொடக்கத்தில் படையைக் கலைக்கத் தீர்மானித்தது. ஒரு பகுதி அயர்லாந்துக்குப் போக வேண்டும், குதிரைப்படையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஹோலிஸை இங்கே வில்லனாக்குவது சுலபம். ஆனால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. மாத வரி, கலால் வரி எல்லாம் சேர்ந்து மக்களை நசுக்கிக்கொண்டிருந்தன. சம்பளம் வராத சிப்பாய்கள் ஊர் வீடுகளில் இலவசமாகத் தங்கிச் சாப்பிட்டார்கள், பதிலுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் என்ன செய்வார்? போர் முடிந்துவிட்டதே, இவர்கள் எப்போது போவார்கள் என்பதுதான் பல மாவட்டங்களில் ஜனங்களின் கேள்வி.

தப்பு கலைப்பதில் இல்லை, கலைத்த விதத்தில். காலாட்படைக்கு 18 வாரச் சம்பளம் பாக்கி, குதிரைப்படைக்கு 43 வாரம். காலாள் ஒருவனுக்கு நாளுக்கு 8 பென்னி. குதிரைவீரனுக்கு 2 ஷில்லிங் (24 பென்னி), அதில்தான் குதிரைக்கும் தீனி போட வேண்டும். நாடாளுமன்றம் ஆறு வாரச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பலாம் என்றது, பேரத்துக்குப் பிறகு எட்டு வாரம் என்று ஏறியது. மீதிக்கு வாக்குறுதி.

பாக்கியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. போரில் மேலதிகாரி சொல்லி ஒரு சிப்பாய் யாரோ ஒருவருடைய குதிரையைப் பிடித்து வந்திருப்பான். போர் முடிந்ததும் குதிரைக்காரர் உள்ளூர் நீதிமன்றத்தில் திருட்டு வழக்குப் போடுவார். குதிரைத் திருட்டுக்கு அந்த நாட்டில் தூக்குத் தண்டனை. படையில் இருக்கும்வரை ரெஜிமென்ட் துணைக்கு இருக்கிறது. கலைத்துவிட்டால் அவன் தனி ஆள். போர்க்காலத்தில் உத்தரவுப்படி செய்ததற்கு வழக்குக் கூடாது என்று உறுதியான ஒரு சட்டம் போட்டுக் கொடுங்கள் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்டது. அதற்கு நாடாளுமன்றம் ஒரு பென்னிகூடச் செலவழிக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்.

மார்ச்சில் அவர்கள் எழுதிய மனு மிகச் சாதுவானது: வழக்கிலிருந்து பாதுகாப்பு, சம்பள பாக்கி, விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களைக் கட்டாயப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, போரில் இறந்தவர்களின் மனைவி மக்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் உதவி. ராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஓட்டுரிமை பற்றியும் இல்லை. அதுவும் தங்கள் தளபதி ஃபேர்ஃபாக்ஸுக்கு முகவரியிட்ட மனு. விஷயம் லண்டனுக்கு எட்டியதும் ஹோலிஸ் ஓர் அறிவிப்பை எழுதி இரு சபைகளிலும் நிறைவேற்ற வைத்தார்: இந்த மனுவைத் தொடர்ந்து முன்னெடுப்பவர்கள் நாட்டின் எதிரிகள், பொது அமைதியைக் குலைப்பவர்கள்.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. அதற்குப் பிறகு படையிலிருந்து வந்த கோரிக்கைகளில் எல்லாம் சம்பளத்தோடு இந்த வசவும் இருக்கும்: அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கு, எங்கள் மேல் போட்ட கறையைத் துடை. சிப்பாய் ஆனதால் குடிமகனுக்குரிய மனுக் கொடுக்கும் உரிமை போய்விடுமா என்றும் கேட்டார்கள். ஏப்ரலில் குதிரைப்படை ரெஜிமென்ட்டுகள் தங்களுக்குள்ளேயே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டன, பிறகு காலாட்படையும் சேர்ந்துகொண்டது. அஜிட்டேட்டர் என்று அவர்களுக்குப் பெயர். பேச்சுவார்த்தைக்கு சாஃப்ரன் வால்டன் ஊருக்கு நாடாளுமன்றத்தின் சார்பில் வந்தவர்களில் குரோம்வெல்லும் இருந்தார். அங்கே அவர் நாடாளுமன்றத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்றுதான் சிப்பாய்களிடம் சொன்னார்.

ஹோலிஸ் கட்சி பேச்சுவார்த்தையின் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. லண்டன் நகரக் காவல்படையைத் தன் ஆட்களால் நிரப்பிவிட்டு, ரெஜிமென்ட் ரெஜிமென்ட்டாகப் பிரித்து வைத்துக் கலைப்பதற்குத் தேதி குறித்தது. ஜூன் 1 அன்று செம்ஸ்ஃபோர்டில் ஃபேர்ஃபாக்ஸின் சொந்த ரெஜிமென்ட்டிலிருந்து ஆரம்பம். கலைக்க அதிகாரிகள் போனபோது ரெஜிமென்ட் அங்கே இல்லை, மற்றவர்களோடு சேரக் கிளம்பிவிட்டிருந்தது. அதே நாட்களில் ஜார்ஜ் ஜாய்ஸ் என்ற கீழ்நிலை அதிகாரி சுமார் 500 குதிரைவீரர்களோடு ஹோல்டன்பி மாளிகைக்குப் போய், நாடாளுமன்றக் காவலில் இருந்த ராஜாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உன்னிடம் என்ன ஆணை இருக்கிறது என்று ராஜா கேட்டார். ஜாய்ஸ் தன் பின்னால் வரிசையாக நின்ற குதிரைவீரர்களைக் காட்டினார். இவ்வளவு தெளிவாக எழுதிய ஆணையை நான் பார்த்ததே இல்லை என்றார் ராஜா. இந்த ஓர் இடத்தில் சார்லஸை எனக்குப் பிடிக்கும்.

லண்டனில் அப்போதுதான் அவசர அவசரமாக அந்த அறிவிப்பைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள், பாக்கியை முழுசாகத் தருகிறோம் என்றார்கள். மார்ச்சில் செய்திருந்தால் பெரும்பாலானோர் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஜூன் 14 அன்று படை வெளியிட்ட அறிக்கை வேறு பாஷை பேசியது: நாங்கள் கூலிப்படை அல்ல, எங்களுடைய உரிமைகளையும் மக்களின் உரிமைகளையும் காக்க நாடாளுமன்றமே அழைத்த படை. கூலியே வராதவர்கள் இதைச் சொன்னதில் ஒரு கசப்பான பொருத்தம் இருக்கிறது.

குரோம்வெல் திட்டமா என்று கேட்டீர்கள். ஜாய்ஸ் அதற்குச் சில நாள் முன்பு லண்டனில் அவரைச் சந்தித்தது உண்மை. ராஜாவைப் பாதுகாக்கச் சொன்னாரா, கூட்டிவரவே சொன்னாரா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 1648இல் பிரைட் வாசலில் நின்ற அன்று குரோம்வெல் வடக்கிலிருந்து வந்து சேர்ந்ததே சாயங்காலம்தான். முன்கூட்டித் தெரியாது, நடந்தவரை சந்தோஷம் என்று சொன்னாராம். அந்த ஏற்பாட்டின் மூளை அவருடைய மருமகன் ஹென்றி அயர்ட்டன். குரோம்வெல் எப்போதும் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, கடைசி நேரத்தில் முன்னால் வந்து நிற்கிறவர். திட்டம் போடுகிறவருக்கு இவ்வளவு தயக்கம் இருக்காது.

ஓட்டுரிமை பற்றி. 1647 அக்டோபர் 28 முதல் லண்டனை ஒட்டிய புட்னியில் அதிகாரிகளும் சிப்பாய்களும் சேர்ந்து உட்கார்ந்து புது அரசியல் சட்டம் பற்றி விவாதித்தார்கள். இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரிய மனிதனைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, தன் சம்மதம் இல்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்ல என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. நாட்டில் நிலையான சொத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு என்றார் அயர்ட்டன். எனக்கு முக்கியமாகப் படுவது எட்வர்ட் செக்ஸ்பி என்ற சாதாரணச் சிப்பாய் பேசியது: உயிரைப் பணயம் வைத்தோம், எங்களுக்கு உரிமை இல்லை என்றால் நாங்கள் வெறும் கூலிச் சிப்பாய்கள்தானே? ஏழு மாதத்தில் சம்பள பாக்கி இங்கே வந்து நிற்கிறது. படையின் செயலர் வில்லியம் கிளார்க் எடுத்த இந்த விவாதக் குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்ட் வுஸ்டர் கல்லூரியில் கிடந்து 1890களில்தான் அச்சுக்கு வந்தன.

ஆனால் அவர்களை ஜனநாயகத்தின் பக்கம் நேராக வைத்துவிட என்னால் முடியவில்லை. மக்களின் பெயரில் பேசிய படையை மக்களுக்குப் பிடிக்கவில்லை. சுதந்திரமாக ஒரு தேர்தல் வைத்தால் வருகிற சபை படையைக் கலைத்துவிட்டு ராஜாவோடு சமரசம் செய்யும் என்று அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த பன்னிரண்டு வருடக் கதையே இந்த முடிச்சுதான். மிச்சமிருந்த சபையை 1653 ஏப்ரல் 20 அன்று குரோம்வெல் துப்பாக்கி வீரர்களைக் கூட்டிவந்து விரட்டினார். 'வீடு வாடகைக்கு, சாமான்கள் இல்லை' என்று யாரோ கதவில் எழுதி ஒட்டியதாகச் சொல்வார்கள். பிறகு வந்த சபைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. 1657இல் நாடாளுமன்றம் குரோம்வெல்லுக்கே கிரீடம் தர முன்வந்தபோது, அதைத் தடுத்ததும் அவருடைய அதிகாரிகளின் எதிர்ப்புதான். அவர் இறந்த மறு வருடம், 1659இல், படை பழைய சபையைத் திரும்பக் கூட்டி, அக்டோபரில் விரட்டி, டிசம்பரில் மறுபடி உட்கார விட்டது.

முடிவுக்குக் கொண்டுவந்தது ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பி வந்த இன்னொரு ராணுவம்தான். அதன் தளபதி மாங்க் 1660 பிப்ரவரியில், பிரைட் துரத்திய உறுப்பினர்களை மறுபடி சபைக்குள் விட்டார். தேர்தல் நடந்தது, அதிகாரிகள் பயந்தபடியே ராஜாவின் மகன் திரும்பி வந்தார். புது நாடாளுமன்றம் இந்தத் தடவை புத்தியாக நடந்துகொண்டது. தலைவரி போட்டுப் பணம் திரட்டி, பாக்கியைக் கொடுத்து, ரெஜிமென்ட்டுகளைக் கலைத்தது. அமைதிக்காலத்தில் நாடாளுமன்றச் சம்மதம் இல்லாமல் படை வைக்கக்கூடாது என்று 1689இல் உரிமைச் சட்டத்தில் எழுதிய தலைமுறைக்கு அப்போதுதான் நாட்டை விட்டு ஓடியிருந்த ராஜா இரண்டாம் ஜேம்ஸின் படைமீது மட்டுமல்ல, இந்தப் பழைய படைமீதும் பயம் இருந்தது.

பார்க்க வேண்டிய இடம்: புட்னி செயின்ட் மேரீஸ் சர்ச். விவாதம் அங்கேதான் தொடங்கியது. 1973 தீயில் பெரும்பகுதி எரிந்து திரும்பக் கட்டியது, ஆனால் கோபுரம் பழசு. ரெயின்ஸ்பரோவின் வாசகத்தை உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். மகனைப் புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கிப் பாலத்தில் நடந்து தேம்ஸைக் கடக்கச் சொல்லுங்கள், மறுகரையில் பாலத்தை ஒட்டியே இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு போங்கள். ராஜாவை விசாரித்த வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.