நட்சத்திரமாகாத கூடைப்பந்து வீரருக்கு என்ன வாழ்க்கை இருக்கிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா இதைக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு 24 வயது. நான்கு ஆண்டுகளில் மூன்று அணிகள் மாறிவிட்டான், எங்கும் நிரந்தரம் இல்லை. இந்திய அணியில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. இதைத் தொழில் என்று சொல்ல முடியுமா, நிறுத்தச் சொல்லிவிடலாமா என்பது அவர் கேள்வி.

நான் ராயபுரத்துக்காரன். 2006 முதல் 2019 வரை ஏழு அணிகளுக்கு ஆடினேன். பாயின்ட் கார்டு, அதாவது பந்தை முன்னே கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பாஸ் கொடுத்து ஆட்டத்தை நடத்துகிறவன். உயரம் ஐந்தடி பத்து அங்குலம். இந்தியாவுக்கு ஆடியதில்லை. மாநில அணிப் பயிற்சி முகாமுக்கு இரண்டு முறை போனேன். ஒரு முறைதான் பன்னிரண்டு பேரில் ஒருவனாக வந்தேன். அக்கா, இது தொழில்தான். நான் அதில் சோறு தின்றிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் கேரமுக்கும் போவார்கள். எங்கள் தெரு முனையில் ஒரு சிமெண்டுத் தரையும் வலையில்லாத இரண்டு வளையங்களும் இருந்ததால் நான் கூடைப்பந்துக்குப் போனேன். வலை கட்டினாலும் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. துறைமுகத்து நிலக்கரித் தூசி தரையெல்லாம் படிந்திருக்கும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் அங்கே நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை, பத்து நிமிடம் பந்தைத் தட்டினால் உள்ளங்கை கறுத்துவிடும். தூசி படிந்த ரப்பர் பந்து வழுக்கும். ஒற்றைக் கையால் எறிந்தால் எங்கோ போகும். அதனால் எங்கள் மாஸ்டர் இரண்டு கைகளாலும் மார்பிலிருந்து பாஸ் கொடுக்கச் சொல்லித் தந்தார். "உன் பந்து அவன் கையில் போய் உட்கார வேண்டும், அவன் தேடிப் பிடிக்கக் கூடாது" என்பார். பின்னாளில் ஏழு அணிகள் என்னை அழைத்தது இந்த ஒன்றுக்காகத்தான்.

நம் நாட்டில் இந்த ஆட்டம் பெரும்பாலும் நிறுவன அணிகளை நம்பியே நடக்கிறது. வங்கி, ரயில்வே, வருமான வரி, சுங்கத்துறை, ராணுவம் என்று அணிகள் இருக்கின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரு வகை. மாதம் ஓர் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் ஆடுபவர்கள் இன்னொரு வகை. ஒரே ஒரு போட்டிக்கு மட்டும் 'கெஸ்ட்' என்று கூப்பிடப்படுகிறவர்களும் உண்டு. நான் இரண்டாம் வகையிலும் மூன்றாம் வகையிலும் ஆடியவன். மே மாதம் வந்தால் பெரியகுளம், கரூர், கோவை என்று அகில இந்தியப் போட்டிகள் வரிசையாக நடக்கும். பெரியகுளத்தில் இரவு விளக்கொளியில் ஊரே திரண்டு உட்கார்ந்து பார்க்கும். நல்ல பாஸுக்குக் கை தட்டத் தெரிந்த கூட்டம் அது. நான் ஆடியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த களம் அதுதான்.

புது அணிக்குப் போகும் முதல் இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலின் வித்தையே அதில்தான் இருக்கிறது. நட்சத்திர வீரருக்கு ஏற்ப அணி மாறும். என்னைப் போன்றவன்தான் அணிக்கு ஏற்ப மாற வேண்டும், அதுவும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள். வளையத்தின் அடியில் நிற்கும் உயரமானவருக்குப் பந்து தலைக்கு மேலே வேண்டுமா, தரையில் ஒரு முறை தட்டி இடுப்புக்கு வர வேண்டுமா? இடக்கைக்காரர் யார்? தொடர்ந்து மூன்று முறை பந்து வராவிட்டால் முகம் வாடிப்போகிறவர் யார்? ஓர் அணியில் ஆட்டத் திட்டங்களை விரல் காட்டிச் சொல்வார்கள், இன்னோர் அணியில் ஊர்ப் பெயர் சொல்லிக் கூவுவார்கள். ஒரே நகர்வுக்கு ஒரு வருடம் 'சேலம்' என்று பெயர், மறு வருடம் 'மூன்று' என்று பெயர். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் படுக்கப் போகும் முன் படிப்பேன்.

இன்னொன்றும் உண்டு. நான் வந்ததால் எந்தப் பையனின் ஆடும் நேரம் குறைகிறதோ, அவனிடம் முதல் இரவே போய்ப் பேசிவிடுவேன். "தம்பி, நான் இங்கே ஒரு வருடம்தான். எனக்குத் தெரிந்ததை நீ எடுத்துக்கொள்" என்பேன். சிலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். சிலர் இன்றைக்கும் பொங்கலுக்கு அழைக்கிறார்கள்.

2010-இல் எனக்கு ஒரு சோதனை வந்தது. வளையத்திலிருந்து ஒரு கோடு தள்ளிப் போட்டிருப்பார்கள், அதற்கு வெளியிலிருந்து எறிந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா, இந்த மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளியது. அரை மீட்டர்தானே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பாஸுக்கு அடுத்தபடியாக என் பிழைப்பு அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் பந்துதான். கை பழகிய தூரம் ஒரே நாளில் பொய்யாகிவிட்டது. தோளால் தள்ளினால் குறி தவறும். முழங்காலை இன்னும் மடக்கி, கீழிருந்து விசையைக் கொண்டுவர வேண்டும். ஆறு மாதம் விடியற்காலையில் தனியாக நின்று ஒரு நாளைக்கு முந்நூறு பந்துகள் எறிந்தேன். அம்மா வாசலில் கோலம் போடும்போது கிளம்பிப் போவேன். அந்த ஆறு மாதம் உழைக்காமல் இருந்திருந்தால் 24 வயதிலேயே என் ஆட்டம் முடிந்திருக்கும்.

சிமெண்டுத் தரையில் வளர்ந்த கால் என்றாவது ஒரு நாள் கணக்குக் கேட்கும். 2014-இல் முழங்காலில் லிகமென்ட் கிழிந்தது. அப்போது நான் ஆடிக்கொண்டிருந்த நிறுவனம் அடுத்த மாதமே தொலைபேசியில், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் மருத்துவச் செலவு பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டிருந்தேன். தங்கையின் வளையல்களை அடகு வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. மீண்டும் ஓட ஒன்பது மாதமானது. அந்த ஒன்பது மாதத்தில் என்னைக் கூப்பிட்ட ஒரே குரல், பழைய அணி ஒன்றில் நான் முதல் இரவே போய்ப் பேசிய ஒரு பையனுடையது. அவன் சொல்லித்தான் அடுத்த அணி எனக்குக் கிடைத்தது.

அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.விலும் இப்படித்தான் ஒருவர் இருந்தார் என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். இஷ் ஸ்மித், ஆறடி உயர பாயின்ட் கார்டு. 2010-இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அறுபது பெயர்களை வாசித்தார்கள், அவர் பெயர் வரவில்லை. பிறகு பதின்மூன்று அணிகளுக்கு ஆடினார்; அந்த லீக்கில் வேறு யாரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. பதின்மூன்றாவது அணியான டென்வரோடு 2023-இல் கோப்பை வென்றார். அங்கே பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. ஜனவரி தொடக்கத்திலிருந்து பத்து நாளுக்கு மட்டும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒரே அணி ஒரு பருவத்தில் இரண்டு முறைதான் அப்படி எடுக்க முடியும், மூன்றாவது முறை பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியை முழுவதும் பிரிக்காமலே பத்து நாள் ஓர் ஊரில் தங்கி, தன்னை நிரூபித்துக் காட்டும் அந்த மனிதர்களின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நம் ஊரிலும் லீக்குகள் வந்தன. 2015-இல் வந்த யு.பி.ஏ. 2017-க்குப் பிறகு நின்றுபோனது. பிறகு சென்னை உட்பட ஆறு நகரங்களை வைத்து ஐ.என்.பி.எல். வந்தது. அப்படி ஒன்றில் வாய்ப்பு வந்தால் உங்கள் தம்பி ஆடட்டும். ஆனால் அதை நம்பிக் கையிலிருக்கும் மாத வருமானத்தை விட வேண்டாம்.

நிறுத்தச் சொல்லாதீர்கள் அக்கா. ஆனால் இந்த ஓராண்டை வீணாக்க விடாதீர்கள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரைதான், தளர்வு கிடையாது. எனக்கு இதை யாரும் நேரத்தில் சொல்லவில்லை. தமிழக அரசு வேலைகளில் மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதன் விதிகளையும் பாருங்கள். மத்திய அரசு வேலைகளுக்கு அவன் மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் அதற்குச் சான்றான படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 3. பதக்கமும் போட்டோவும் செல்லாது, கையெழுத்திட்ட படிவம்தான் செல்லும். அடுத்த ஒப்பந்தத்தில் காயத்துக்கு யார் செலவு என்ற வரி இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள்.

படிவங்களை இந்த மாதமே வாங்கிவிடச் சொல்லுங்கள். மாநிலக் கூடைப்பந்துச் சங்கத்தில் செயலாளர் மாறிவிட்டதால், பழைய போட்டிக்குக் கையெழுத்து வாங்க நான் எட்டு மாதம் அலைந்தேன்.