டர்போவ திருப்பி மாட்டலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய டர்போ போயிடுச்சுன்னு வேற ஒண்ணு வாங்கினேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல வச்சுப் பாத்தா காத்து வெளிய வர்ற வாய் இன்டர்கூலர் (காத்த குளிர வைக்கற ரேடியேட்டர்) பக்கம் பாக்காம என்ஜின் பிளாக்க பாத்து நிக்குது, ஓஸ் எட்டவே இல்ல. ஹவுசிங்க திருப்பிக்கலாம்னு ஒருத்தர் சொல்றார், திருப்பினா பேலன்ஸ் போயிடும்னு இன்னொருத்தர் பயமுறுத்துறார். எது சரி?

பதில்: தாராளமா திருப்பலாம். பேலன்ஸ் பண்றது உள்ள சுத்துற ஷாஃப்டையும் அதோட ரெண்டு வீலையும்தான், வெளிக்கூடு எந்தப் பக்கம் பாத்தா அதுக்கென்ன. ஆனா காத்த இழுத்துத் தள்ளுற கம்ப்ரஸர் வீல் நடுவுல ஒரு சின்ன நட் இருக்கும், அதுல மட்டும் ஸ்பேனர் வைக்கவே கூடாது. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போற ஷாஃப்ட் அது, அந்த நட் அசைஞ்சாதான் பேலன்ஸ் போகும்.

எல்லாரும் உங்கள மாதிரியே காத்து வாயிலிருந்துதான் யோசிக்க ஆரம்பிக்கிறாங்க. ஆயில் வெளிய வடியற டிரெய்ன்லேருந்து ஆரம்பிங்க. எக்ஸாஸ்ட் பக்கக் கூடான டர்பைன் ஹவுசிங் மேனிஃபோல்டுல உக்காந்துட்டா அது அசையாது, அதனால மொதல்ல அத மாட்டி, அப்புறம் நடுவுல இருக்கற பேரிங் ஹவுசிங்க ஆயில் டிரெய்ன் ஓட்டை நேரா கீழ பாக்கற மாதிரி திருப்பி, கடைசியாதான் காத்து வாய் இருக்கற கம்ப்ரஸர் ஹவுசிங். ஏன்னா ஆயில் உள்ள வர்றது பம்ப் பிரஷர்ல, வெளிய போறது சும்மா தன் எடைக்கு வழிஞ்சு, அதுவும் நுரையோட. அந்த ஓட்டை சாஞ்சு நின்னா ஆயில் உள்ளயே தேங்கிடும். உள்ள இருக்கற சீல் ரப்பர் சீல் இல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு மெட்டல் வளையம், தேங்கின ஆயில அதால தாங்க முடியாது, எக்ஸாஸ்ட் பக்கமும் இன்டேக் பக்கமும் கசிஞ்சு நீலப் புகையா வரும். புது டர்போ புகையுதுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறவங்க மொதல்ல இந்த ஓட்டையப் பாக்கணும்! வண்டி சமதரையில நிக்கும்போது நேர் கீழேருந்து 35 டிகிரிக்கு மேல சாயக்கூடாதுன்னு டர்போ தயாரிக்கற காரெட் கம்பெனி சொல்லுது, என்னக் கேட்டா அந்த எல்லை வரைக்கும் போகவே வேண்டாம், முடிஞ்ச அளவு நேரா வைங்க.

திருப்பற வேலை பெருசு இல்ல, பொறுமைதான் வேணும். இப்ப எப்படி இருக்குன்னு ஒரு கோடு போட்டு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. சில டர்போல போல்ட்டும் கிளாம்ப் பிளேட்டும் இருக்கும், சிலதுல வி-பேண்ட் (சுத்தி இறுக்கிப் பிடிக்கற வளையம்), சிலதுல கம்ப்ரஸர் பக்கம் பெரிய ஸ்னாப் ரிங். போல்ட்ட முழுசா கழட்டாம தளர்த்தி விட்டு, ரப்பர் சுத்தியால சுத்தி வர லேசா தட்டி திருப்புங்க. ஹவுசிங் சாஞ்சு வந்தா வீலோட இறக்கை அதுல இடிச்சு வளைஞ்சிடும், வளைஞ்ச இறக்கைய நிமித்தி ஓட்டற வேலையே கிடையாது. கம்ப்ரஸர் பக்கம் பொதுவா ஓ-ரிங் ஒண்ணு இருக்கும், அது நசுங்காம உக்காரணும். டர்பைன் பக்கம் போல்ட் சூட்டுல இறுகிப் போயிருக்கும், துரு இளக்குற ஆயில் அடிச்சு ஒரு ராத்திரி ஊற விடுங்க. இறுக்கும்போது எதிரெதிர் போல்ட்டா, மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு இறுக்கி, வீல விரலால சுத்திப் பாருங்க, எங்கயும் உரசக் கூடாது.

கேள்வி: கம்ப்ரஸர் ஹவுசிங்க திருப்பினேன், இப்ப வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் காத்துல ஒரு பங்க டர்பைன் வீலுக்குப் போகாம திருப்பி விடற கதவு) ராடு கோணலா நிக்குது. ராட லேசா வளைச்சு மாட்டிடலாமா?

பதில்: வேண்டாங்க. அந்த ராட நகர்த்தற ஆக்சுவேட்டரோட பிராக்கெட் கம்ப்ரஸர் ஹவுசிங்ல இருக்கறதால நீங்க திருப்பினப்ப அதுவும் கூடவே வந்திருக்கு. கோணலா இழுத்தா ராடு மாட்டி மாட்டி நகரும், வேஸ்ட்கேட் சரியா மூடாது, இல்ல சரியா திறக்காது, திறக்காம பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம், ஏறிட்டே போனா என்ஜினுக்கே ஆபத்து. பிராக்கெட்ட வேற ஓட்டைக்கு மாத்துங்க, முடியலன்னா அந்தக் கோணத்துக்கு ஏத்த பிராக்கெட் வாங்குங்க. ராடு நேரா வந்ததும் நீளத்தயும் செட் பண்ணணும். ராட கொஞ்சம் இழுத்துப் பிடிச்சாதான் வேஸ்ட்கேட் கை பின்னுல மாட்டணும், தொளதொளன்னு மாட்டுச்சுன்னா பூஸ்ட் சீக்கிரமே கசிஞ்சிடும்.

கேள்வி: டீசல் கார்ல விஜிடி டர்போ (வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ). அதையும் இப்படி திருப்பலாமா?

பதில்: டர்பைன் பக்கம் கை வைக்காதீங்க. உள்ள நகர்ற வேன் (எக்ஸாஸ்ட் காத்த திருப்பற சின்னத் தகடு) எல்லாம் ஒரு வளையத்துல இருக்கு, அது உக்கார்ற இடத்த நிறைய மாடல்ல ஒரு பின் முடிவு பண்ணுது, வேன் எவ்வளவு மூடணும்னு நிறுத்தற ஸ்க்ரூவ ஃபேக்டரியில காத்து ஓட்டத்த அளந்து செட் பண்ணி அனுப்பறாங்க. வீட்ல அத செட் பண்ண வழியில்ல. உங்க வண்டி பார்ட் நம்பருக்கு சரியான டர்போவ வாங்குறதுதான் நல்லது.

கேள்வி: எல்லாம் மாட்டியாச்சு. அப்படியே ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: இருங்க, பேரிங் இப்ப காஞ்சு கிடக்கு. ஆயில் உள்ள போற ஓட்டையில சுத்தமான என்ஜின் ஆயில ஊத்தி வீல கையால சுத்துங்க, அப்புறம் லைன மாட்டி, ஸ்டார்ட் ஆகாத மாதிரி ஃப்யூல கட் பண்ணிட்டு ஆயில் பிரஷர் வர்ற வரைக்கும் விட்டு விட்டு கிராங்க் பண்ணுங்க. ஆயில் போற வர்ற ஃப்ளாஞ்ச்ல சிலிகான் பேஸ்ட் பூசாதீங்க, பிதுங்கி உள்ள விழுந்தா ஆயில் வழிய அடைச்சிடும், கேஸ்கெட் போதும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலரேட்டர மிதிக்காம ஐடில்ல விட்டு ஆயில் லைன், டிரெய்ன் ஓஸ் எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாத்துக்கோங்க.