நள்ளிரவில் முடிகிற வேலைக்கு எந்த நாள் சம்பளம்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் கல்யாண அலங்காரம், கூடாரம், நாற்காலி வாடகைத் தொழில் நடத்துகிறோம். நிரந்தர ஆட்கள் 7 பேர், வாரத்தில் 6 நாள் வேலை. சனி, ஞாயிறுக்கு மட்டும் இன்னும் சிலர் வருவார்கள். யார் வந்தார்கள் என்று என் மகன் டைரியில் குறித்து வைப்பான், மாதக் கடைசியில் சம்பளம். மாதா மாதம் ஓவர்டைம், அட்வான்ஸ் என்று வாக்குவாதம். இப்போது ஒருவர், போன வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சம்பளம் பாக்கி என்கிறார். கைரேகை மெஷின் வாங்கி மாட்டிவிட்டால் தொல்லை விடுமா?

பதில்: விடாது. உங்கள் ஆட்கள் வேலை செய்வது மண்டபத்தில், மெஷின் மாட்டப்போவது கிடங்குச் சுவரில். காலையில் விரல் வைத்துவிட்டு லாரியில் ஏறிப் போனவர், சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் ராத்திரி எத்தனை மணிக்குக் கடைசி நாற்காலியை அடுக்கினார் என்று அதற்கு எப்படித் தெரியும்? போதாததற்கு, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவில் கைரேகை சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல். அதை எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள் என்று ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், சம்மதமும் வாங்க வேண்டும். ஒரே இடத்தில் 40 பேர் வேலை பார்க்கும் ஆலைக்கு அது சரி. உங்களுக்குத் தாளும் பேனாவும் போதும்.

டைரியில் என்ன குறை? வந்தவர் பெயர் இருக்கிறது, நேரம் இல்லை. எழுதுவது முதலாளி வீட்டுப் பிள்ளை, அதில் வேலையாளின் கையெழுத்தும் இல்லை. சண்டை என்று வந்தால் அது உங்கள் பேச்சுக்கு உங்களையே சாட்சி வைப்பதுதான்.

ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு ஒரு தாள் போடுங்கள். தேதி, இடம், தொடங்கிய நேரம், சாப்பாட்டு இடைவேளை, முடித்த நேரம், கையெழுத்து. தாள் லாரியோடு போக வேண்டும். கிடங்கில் சாமான் ஏற்றச் சொன்ன நேரத்திலிருந்தே வேலை நேரம், மண்டபம் போய்ச் சேர்ந்ததிலிருந்து அல்ல. வேலை முடிந்ததும் அங்கேயே கையெழுத்து வாங்கி, தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். படம் வந்த நேரமும் ஒரு சாட்சி. தப்பாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்க வேண்டாம். ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி இருவரும் சுருக்கக் கையெழுத்துப் போடுங்கள்.

முடித்த நேரத்தை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. வழக்கமாக ஞாயிறு வேலை இல்லாதவர் ஞாயிறு வந்தால் இரட்டிப்பு. ஞாயிறு வேலை வழக்கத்திலேயே இருப்பவருக்கு ஒன்றரை. சரி, சனி இரவு தொடங்கி ஞாயிறு விடிகாலை முடிகிற வேலை எந்தக் கணக்கு? எந்த நாளில் அதிக நேரம் விழுகிறதோ, முழு வேலையும் அந்த நாளுக்குப் போகும். கூடாரம் பிரிக்கச் சனி இரவு 10 மணிக்கு வந்தவர் 3 மணிக்கு முடித்தால், 2 மணி நேரம் சனி, 3 மணி நேரம் ஞாயிறு. ஆக 5 மணி நேரமும் ஞாயிறு. அதே ஆள் மாலை 6 மணிக்கு வந்து 2 மணிக்கு முடித்திருந்தால் மொத்தமும் சனி. அரசு விடுமுறை நாளுக்கும் இதே கணக்குதான்.

இதைப் பணமாக்கிப் பார்ப்போம். மாதச் சம்பளம் 6,500 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் ஒரு மாதம் என்பது நாலேகால் வாரமல்ல, நாலும் மூன்றில் ஒன்றும். 45 மணியை அதனால் பெருக்கினால் 195. 6,500ஐ 195ஆல் வகுத்தால் மணிக்கு 33.33 ராண்ட். 2025 மார்ச் 1இல் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது, இது அதற்கு மேல்தான். ஆனால் அந்தக் கூலி வருஷா வருஷம் மார்ச்சில் ஏறும், இப்போது எவ்வளவு என்று மறக்காமல் பாருங்கள். அந்த 5 மணி நேரத்துக்கு, ஞாயிறு வழக்கமில்லாதவர் என்றால், 333 ராண்ட். சனி ஓவர்டைம் என்று போட்டால் 250. உங்கள் வாக்குவாதத்தில் பாதி இந்த 83 ராண்டில்தான் இருக்கும் என்பது என் ஊகம். இன்னொன்று: ஞாயிறு 2 மணி நேரம் மட்டும் கூப்பிட்டாலும், கணக்குப்படி வருவது ஒரு நாள் சம்பளத்துக்குக் குறைவாக இருந்தால் ஒரு நாள் சம்பளமே தர வேண்டும்.

தாளை ஒழுங்காக எழுத ஆரம்பித்தால் சில சங்கடங்களும் வெளியே வரும். ஓவர்டைம் சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓவர்டைம் வாரத்துக்கு 10 மணிதான். காலை 7 மணிக்கு மணவறை கட்டியவரே இரவு 11 மணிக்குப் பிரிக்கவும் நிற்கிறார் என்றால், நேரத்தைக் குறைத்து எழுதுவது வழியல்ல. கட்ட ஒரு குழு, பிரிக்க ஒரு குழு. மாலை 6 முதல் காலை 6 வரை இரவு வேலை. அதற்கு ஆளின் சம்மதம் வேண்டும், அலவன்ஸோ வேலை நேரக் குறைப்போ வேண்டும், வீடு திரும்ப வண்டி கிடைக்க வேண்டும். நடுராத்திரியில் டாக்ஸி ஓடாது, உங்களுக்கே தெரியும்.

வார இறுதி ஆட்களை ‘சும்மா வந்து போகிறவர்கள்’ என்று தாளில் சேர்க்காமல் விடாதீர்கள். மாதம் 24 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு ஓவர்டைம், ஞாயிறு விதிகளும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யூஐஎஃப் பிடித்தமும் இல்லை. ஆனால் 24க்குக் குறைவு என்று காட்டத் தாள் வேண்டுமே! மும்முரமான மாதத்தில் நாலு சனிக்கிழமையிலேயே 24 தாண்டிவிடும்.

அட்வான்ஸுக்குத் தனி நோட்டு. வருகைத் தாளின் ஓரத்தில் ‘200 கொடுத்தது’ என்று கிறுக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். எவ்வளவு, என்றைக்கு, எத்தனை தவணையில் பிடிப்பது என்று எழுதி ஆளின் கையெழுத்து வாங்கினால்தான் பிடிக்க முடியும். உடைந்த பூச்சாடிக்கும் வாய்க்கு வந்தபடி பிடிக்க முடியாது: அவர் தவறு என்று தெரிய வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், பிடிப்பதும் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது.

மாதக் கடைசியில் தாள்களைக் கூட்டிச் சம்பளச் சீட்டு போடுங்கள். சாதாரண மணி, ஓவர்டைம் மணி, ஞாயிறு மணி தனித்தனி வரியில். ஒவ்வொரு பிடித்தமும் எதற்கு என்ற விவரத்தோடு. யூஐஎஃப் ஆளிடம் 1 சதவீதம், உங்களிடம் 1 சதவீதம், அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 7 பேருக்கு 6,500 வீதம் என்றாலே வருஷச் சம்பளம் 5,46,000 ராண்ட். 5 லட்சம் தாண்டினால் திறன் மேம்பாட்டு வரி 1 சதவீதம் உண்டு. உங்கள் கணக்காளரைக் கேட்டுப் பாருங்கள். தாள்களை 3 வருஷம் பத்திரப்படுத்துங்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை பாக்கி. அவர் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சிசிஎம்ஏவுக்குப் போகும் முன் நீங்களே கூப்பிட்டு உட்காருங்கள். போன வருஷத்து மண்டபப் பதிவுப் புத்தகம், லாரி டீசல் ரசீது, வாட்ஸ்அப்பில் ‘ஏற்றியாச்சு’, ‘முடிஞ்சாச்சு’ என்று வந்த செய்திகள் எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். ஒவ்வொரு ஞாயிறாக இருவரும் சேர்ந்து நேரம் போடுங்கள். எதுவும் தேறாத நாளுக்கு அவர் சொல்லும் நேரம் நியாயமாகப் பட்டால் ஒத்துக்கொள்ளுங்கள். பதிவு வைத்திருக்க வேண்டியது நீங்கள், அவரல்ல. தொகையைத் தனிச் சம்பளச் சீட்டில் ‘ஞாயிறு வேலை நிலுவை’ என்று தேதிகளோடு காட்டி வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கையில் கொடுக்க வேண்டாம்.