மச்சானின் படகுக் கருவி கோவைக்கு வரலாமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் என் மச்சான், பேட்டரி மாற்றும்போது ப்ளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டார். எக்கோ சவுண்டர் (கடலின் ஆழம் காட்டும் கருவி), ஜிபிஎஸ் இரண்டுமே ஆன் ஆகவில்லை. கோவைக்குக் கொண்டுவந்தால் சரியாகுமா?
- ஒரு வாசகர், பவானி

பதில்: தாராளமாகக் கொண்டுவரச் சொல்லுங்க. தறி போர்டும் பம்ப்செட் பேனலும் பார்க்கிற நம்ம ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. உள்ளே ஓடுவது அதே 12 அல்லது 24 வோல்ட் டிசிதான்.

முதலில் வயரில் உள்ள ஃப்யூஸ். போயிருந்தால் நல்ல சேதி. பல செட்டுகளில் சப்ளை நுழையும் இடத்தில் குறுக்கே ஒரு டையோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்ன பாகம்) இருக்கும். ப்ளஸ், மைனஸ் மாறினால் கரண்டைத் தன் வழியே இழுத்து ஃப்யூஸைப் போக்கிவிடும். சில சமயம் தானும் ஷார்ட்டாகும். மல்டிமீட்டர் முனைகளை எப்படி மாற்றி வைத்தாலும் பீப் அடித்தால் டையோடைக் கழற்றி மாற்ற வேண்டியதுதான். அதிகம் செலவில்லை. ஃப்யூஸ் இடத்தில் கம்பி முறுக்குகிற ஆளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!

மாற்றியதும் நேராகப் பேட்டரியில் கொடுக்கக் கூடாது. கரண்டைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையில் குறைவாக வைத்து, எந்த ஐசி (சிப்) சுடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போதும். மூடும்போது வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கான் பசை வேண்டாம். அந்த அமிலம் செம்பைத் தின்றுவிடும்.

அப்புறம், ஜிபிஎஸ்ஸுக்கு உயிர் வந்ததும் யாரையும் ரீசெட் போட விடாதீர்கள். மீன் கிடைக்கும் இடமெல்லாம் மச்சான் அதில்தான் குறித்து வைத்திருப்பார். முதலில் மெமரி கார்டில் நகல். கார்டு போட முடியாத பழைய செட் என்றால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.